உயர்மலை அருவிக்கு ஒரு நாள் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,500 மீட்டருக்கு மேல், வண்டிப் பாதை முடிந்த பிறகு நடந்து மட்டுமே சேரக்கூடிய அருவிகளைப் பற்றிய பக்கம் இது. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடும் நடைக்குத்தான் இங்குள்ள பதில்கள் பொருந்தும். கூடாரமும் கயிறும் பனிக்கோடரியும் வேண்டியிருக்கிற பயணங்களுக்குக் கணக்கே வேறு.

எந்த மாதத்தில் போனால் அருவி நன்றாக இருக்கும்?

அந்த அருவிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் விசாரியுங்கள். குளிர்காலப் பனி உருகி வரும் அருவி வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் தொடக்கத்திலும் பெருகி, பிறகு மெலிந்துகொண்டே போகும். அமெரிக்காவின் யோசெமிட்டி அருவி 739 மீட்டர் விழுகிறது. ஆனால் கோடை முடியும் நேரத்தில் போனவர்கள் பலமுறை வெறும் பாறைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பனியாறு உருகி வரும் அருவி இதற்கு நேர்மாறு: வெயில் உச்சத்தில் இருக்கும் வாரங்களில்தான் அதற்கு வேகம் அதிகம். மழையை மட்டுமே நம்பியிருக்கும் அருவி மழைக்காலத்தில் பொங்கும். பாதையும் அப்போதுதான் சரியும்.

அருவி அழகாக இருக்கும் வாரமும் அங்கே போகத்தக்க வாரமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பனி உருகல் உச்சத்தில் இருக்கும்போது பாதையின் நிழல் பகுதிகளில் பழைய பனி கிடக்கும், ஓடைகள் நிரம்பி ஓடும். உச்சம் தாண்டி இரண்டு மூன்று வாரங்கள் கழித்துப் போவதையே நான் சொல்வேன். நீர் சற்றுக் குறைந்திருக்கும், பாதை முழுவதும் வெளியே வந்திருக்கும்.

விடிவதற்கு முன்பே கிளம்பச் சொல்கிறார்களே, அவ்வளவு அவசியமா?

அவசியம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பனி உருகி ஓடும் ஓடைக்கு நாள்தோறும் ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. இரவுக் குளிரில் உருகல் நின்றுபோவதால் விடியற்காலையில் நீர் குறைவாக இருக்கும். வெயில் ஏற ஏற உருகல் கூடும்; ஆனால் உருகிய நீர் பாறையிலும் மண்ணிலும் இறங்கி ஓடைக்கு வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் ஓடை நிரம்புவது பிற்பகலிலும் மாலையிலும்தான். பனிக்கும் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் தூரம் கூடக் கூட உச்ச நேரமும் தள்ளிப்போகும்.

காலை ஏழு மணிக்குக் கணுக்கால் நனையக் கடந்த அதே ஓடை, மாலை நான்கு மணிக்கு நீங்கள் திரும்பி வரும்போது தொடையளவு ஓடலாம். அருவியைப் பார்த்து மயங்கி நின்ற நேரமெல்லாம் அந்த ஓடையில் வந்து சேரும். அருவி மிக அழகாக இருப்பதும் பிற்பகலில்தான் என்பதுதான் இதில் உள்ள விஷமம். அந்த நேரத்தில் நீங்கள் கீழே பாதி வழி வந்திருக்க வேண்டும்.

இடியும் இதே கடிகாரத்தைத்தான் பின்பற்றுகிறது. சரிவுகளில் சூடான காற்று மேலே ஏறி மேகமாகத் திரண்டு மலைகளில் இடிமழை கொட்டுவது பெரும்பாலும் பிற்பகலில்தான். உறைந்த நீர் பிடித்து வைத்திருந்த கற்களும் வெயில் பட்ட பிறகுதான் உதிரத் தொடங்கும். மூன்று காரணங்களும் ஒரே பக்கம் சாய்கின்றன.

நடை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. மெட்ரிக் அளவில், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நல்ல பாதையில், ஓய்வில்லாமல், பழகிய கால்கள் நடக்கும் நேரம் இது. உயரத்தில் மூச்சு வாங்கும், படம் எடுக்க நிற்பீர்கள், யாருக்காவது காலணிக் கயிறு அவிழும். ஆகவே கிடைக்கும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு வழி 8 கிலோமீட்டர், ஏற்றம் 800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நெய்ஸ்மித் கணக்கில் ஏறக்குறைய 3 மணி நேரம். பாதியைக் கூட்டினால் நாலரை. அருவியில் ஒரு மணி நேரம், இறங்க 3 மணி நேரம். ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குச் சேர்ந்து, பதினொன்றரைக்குக் கிளம்பி, இரண்டரைக்குக் கீழே இருக்கலாம். எட்டரைக்குக் கிளம்பினால் இதே நடை மாலை ஐந்து மணிக்கு முடியும். தாள் கணக்கில் இரண்டரை மணி நேரத் தாமதம்தான். ஆனால் ஓடையும் இடியும் அந்த இரண்டரை மணி நேரத்துக்குள்தான் இருக்கின்றன.

கிளம்பும் முன்பே ஒரு திரும்பும் நேரத்தை முடிவு செய்து, கூட்டத்தில் எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். அந்த மணி அடித்ததும் அருவி கண்ணுக்கு எதிரே இருந்தாலும் திரும்ப வேண்டும். மேலே போன பிறகு முடிவு செய்யலாம் என்றால், முடிவு செய்வது உங்கள் ஆசையாகத்தான் இருக்கும்.

இன்னொன்று: ‘அருவியின் உயரம் 120 மீட்டர்’ என்று எழுதியிருப்பது நீர் விழும் அளவு. உங்கள் நுரையீரலுக்கும் முழங்காலுக்கும் வேண்டிய எண்கள் வேறு: பாதை தொடங்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு, அருவியடி எவ்வளவு. இரண்டையும் வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்புகிறவருக்கும் உயர நோய் வருமா?

வரலாம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். 3,000 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம், 4,000 மீட்டரில் ஏறக்குறைய 60 சதவீதம். ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்குக் குறைவாகவே ஆக்சிஜன் கிடைக்கிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், இயல்புக்கு மீறிய களைப்பு ஆகியவைதான் தொடக்க அறிகுறிகள். இவை பொதுவாக உயரத்தை அடைந்து 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தலைகாட்டும் என்பதால், ஒரே நாளில் ஏறி இறங்குகிறவர் பலருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும். அது உடல் வலிமைக்குச் சான்று அல்ல. உடல் கவனிப்பதற்குள் கீழே வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதே பெரிய கேள்வி. சமவெளியிலிருந்து ஒரே நாளில் வண்டியில் 3,000 மீட்டர் ஊருக்கு வந்து, அன்றிரவு தூங்கி, மறுநாள் 3,800 மீட்டர் அருவிக்கு ஏறுவதுதான் சிக்கலான திட்டம். முடிந்தால் இடையில் ஓர் இரவு குறைந்த உயரத்தில் தங்குங்கள். அல்லது அந்த ஊருக்கு வந்த மறுநாளைச் சும்மா உலவுவதற்கு விட்டுவிட்டு, அதற்கடுத்த நாள் அருவிக்குப் போங்கள். அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடல் உயரத்துக்குப் பழகுவதற்கு உதவும். உங்களுக்கு அது ஏற்றதா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எப்போது இறங்க வேண்டும்? தலைவலி லேசாக இருந்தால் நின்று, நீர் குடித்து, அரை மணி நேரம் பாருங்கள். கூடினால் ஏற்றம் முடிந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலுக்கு முன் வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருப்பதன் அடையாளம். அப்படிப்பட்டவரை ஒரு நிமிடமும் தாமதிக்காமல், துணையோடு, கீழே இறக்க வேண்டும். மாத்திரை, ஓய்வு, சூடான பானம் எதுவும் இறக்கத்துக்கு மாற்று இல்லை.

குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போகலாமா?

நடக்கப் பழகிய முதியவர், உட்கார்ந்தே வேலை செய்யும் இளைஞரைவிட நன்றாக ஏறுவார். இதயம், நுரையீரல் தொடர்பான நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாத வயதுக் குழந்தையை இந்த உயரத்துக்குத் தூக்கிச் செல்லாதீர்கள்.

வழியில் ஓடையைக் கடப்பது எப்படி?

முதலில், எங்கே கடப்பது என்பதை முடிவு செய்யுங்கள். ஓடை குறுகலாக இருக்கும் இடம் எளிதாகத் தோன்றும். அங்கேதான் ஆழமும் வேகமும் அதிகம். அகலமாகப் பரந்து, பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் இடமே நல்லது. கடக்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஐம்பது நூறு மீட்டர் நடந்து பாருங்கள். கீழே அருவியோ, பெரும்பாறைகளோ, குறுக்கே விழுந்த மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். காலிடறினால் அங்கேதான் போய்ச் சேர்வீர்கள்.

முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரைக் கடக்காதீர்கள். கலங்கிய நீரில் அடி தெரியாது. கூழாங்கற்கள் உருளும் சத்தம் அடியில் கேட்டால் உங்கள் காலையும் உருட்டும் வேகம் அதற்கு இருக்கிறது. பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட்டு இறங்குங்கள். விழுந்தால் பையைக் கழற்றி எறிய முடிய வேண்டும். காலணியைக் கழற்றி வெறுங்காலோடு இறங்குவது கெட்ட பழக்கம். குளிர்ந்த நீரில் பாதம் மரத்து, கல் குத்துவதே தெரியாது. நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து, ஊன்றுகோலை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் ஓரோர் அடியாக நகருங்கள்.

தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், மேலிருந்து இரைச்சல் கூடினாலும் உடனே கரையேறி உயரத்துக்குப் போங்கள். மேலே மழை கொட்டியிருக்கும். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை நம்பாதீர்கள். நீர் காரணமில்லாமல் சட்டென்று குறைந்தால் அதற்கும் அஞ்ச வேண்டும்: மேலே மண்சரிவு ஓடையை அடைத்திருக்கலாம், அந்த அடைப்பு உடையும்.

அருவிக்கு எவ்வளவு நெருங்கலாம்? குளிக்கலாமா?

உச்சிக்குப் போக வேண்டாம். 2011 ஜூலையில் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் வெர்னல் அருவியின் உச்சியில் தடுப்புக் கம்பியைத் தாண்டிப் போன மூன்று பேர் நீரோடு 97 மீட்டர் கீழே அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். உச்சியில் நீர் அமைதியாக, பாறை வழவழப்பாக, காட்சி அருமையாக இருக்கும். மூன்றும் சேர்ந்து ஆளை இழுக்கும்.

அடிவாரத்தில் வேறு வகை ஆபத்து. நீரோடு கல்லும் கட்டையும் பனிக்கட்டியும் விழும். எப்போது விழும் என்று சொல்ல முடியாது; சாரல் எட்டும் வட்டத்துக்குள் கற்கள் புதிதாக உடைந்து முனை கூராகக் கிடந்தால், அடிக்கடி விழுகிறது என்று பொருள். சாரலில் நனையும் பாறைகளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாசி படர்ந்திருக்கும். கருத்து மினுங்கும் பாறையைவிட வெளிறிக் காய்ந்த பாறையில் கால் வையுங்கள். கோடையின் தொடக்கத்தில் அருவியடியில் பனிக்குவியல் ஒன்று பாலம் போல நிற்கும். அதன் அடியில் நீர் ஓடி உள்ளே பொள்ளலாகியிருக்கும். அதன் மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

குளியல் பற்றி: பனி உருகிய நீர் உறைநிலைக்குச் சற்று மேலேதான் இருக்கும். அதில் திடீரென மூழ்கினால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. தலை நீருக்குள் இருக்கும்போது அந்தத் திணறல் வந்தால் நீரைத்தான் உறிஞ்சுவீர்கள். பத்து நிமிடத்துக்குள் கை கால்கள் சொன்னபடி கேட்காது. அருவி விழும் இடத்தில் நீர் நுரைத்துக் காற்றோடு கலந்திருப்பதால் உடல் சரியாக மிதக்காது, சுழலும் நீர் மேலே வர விடாது. நன்றாக நீந்துகிறவரும் அங்கே தோற்பார். குளத்தின் வெளி விளிம்பில், நீர் அமைதியாக வழிந்தோடும் ஆழமற்ற இடத்தில் முகம் கழுவலாம், காலை நனைக்கலாம். இவ்வளவு தூரம் வந்து குளிக்காமலா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: ஆம், குளிக்காமல்.

மலை நீர் தூய்மையானதுதானே, அப்படியே குடிக்கலாமா?

குளிர்ந்து தெளிந்து இருப்பதால் அது சுத்தமாகிவிடாது. மேலே ஆடுமாடுகளும் காட்டு விலங்குகளும் மேய்கின்றன. ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் தெளிந்த நீரிலும் இருக்கும், வயிற்றுப்போக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தொடங்கும். 3,000 மீட்டரில் நீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். ஒரு நாள் நடைக்கு வடிகட்டி எளிது. பனியாற்று நீர் பால் போல வெண்மையாக இருந்தால் அது பாறைத்தூள். வடிகட்டியை அடைத்துவிடும், பாட்டிலில் தெளியவிட்ட பிறகு வடிகட்டுங்கள். குளோரின் மாத்திரை குளிர்ந்த நீரில் மெதுவாகவே வேலை செய்யும். நீர் வேண்டிய அளவு கீழிருந்தே சுமந்து போவதுதான் தலைவலி இல்லாத வழி: நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர் அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது, பையில் என்ன வைப்பது?

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதோடு அருவியடியில் விழும் நீரே காற்றை விசிறிக்கொண்டிருக்கும், அந்தக் காற்று சாரலையும் சுமந்து வரும். வெயில் நாளிலும் பத்து நிமிடத்தில் உள்ளாடை வரை நனையலாம். பருத்தி நனைந்தால் எளிதில் காயாது. உடம்போடு ஒட்டி வெப்பத்தை உறிஞ்சும். ஆகவே உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, நடுவில் கதகதப்பான ஒன்று, வெளியே உண்மையான மழைச்சட்டை. அருவி கண்ணில் பட்டதுமே, நனைவதற்கு முன்பே மழைச்சட்டையை மாட்டுங்கள்.

பையில், இருட்டுவதற்குள் திரும்புவேன் என்று சொல்கிறவரும் தலைவிளக்கு வைத்திருக்க வேண்டும். நீர் புகாத உறைக்குள் ஒரு மாற்று மேலாடையும் ஒரு ஜோடி காலுறையும். மெல்லிய அவசரகாலப் போர்வை, காயத்துக்குக் கட்டு, கொப்புளத்துக்கு ஒட்டுப்பட்டை, விசில், உண்பதற்கு எளிதான, நிறைய உணவு. புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும். கறுப்புக் கண்ணாடியும் முகப்பூச்சும் அலங்காரப் பொருட்கள் அல்ல.

காலணி புதிதாக இருக்கக் கூடாது. மீதியைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

இடி இடித்தால்?

மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்திருக்கிறது. இடைவெளி 30 விநாடிக்குக் குறைந்தால் நீங்கள் ஆபத்து வட்டத்துக்குள் இருக்கிறீர்கள். மலைமுகட்டிலிருந்தும் தனிமரத்தடியிலிருந்தும் நீரிலிருந்தும் விலகிக் கீழே இறங்குங்கள். அருவிக்குப் பின்னால் உள்ள குழிவான பாறைத் தாழ்வாரம் ஒதுங்கும் இடம் போலத் தெரியும். ஆழமற்ற குகையின் வாயில் வழியாக மின்சாரம் பாயக்கூடும், ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே நடையைத் தொடருங்கள்.

தனியாகப் போகலாமா? போன் போதாதா?

தெரியாத பாதையில் தனியாக வேண்டாம். போன் ஒரு துணைக்கருவிதான்: பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது, குளிரில் பேட்டரி விரைவாக இறங்கும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, போனை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். கீழே ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அனுமதிச் சீட்டு வேண்டுமா, பாதை திறந்திருக்கிறதா என்பதையும் அந்தப் பகுதியின் வனத்துறையிடமோ பூங்கா அலுவலகத்திலோ முந்தின நாளே கேளுங்கள்.

அருவியடியில் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். பத்தடி தள்ளி நிற்பவர் கத்துவதும் கேட்காது. யார் எங்கே நிற்பது, கையை உயர்த்தினால் என்ன பொருள் என்பதை இரைச்சல் தொடங்கும் முன் பேசிக்கொள்ளுங்கள். உதவி கேட்கும் சைகை: ஒரு நிமிடத்தில் ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று விசில் திரும்பக் கேட்டால் யாரோ உங்களைக் கேட்டுவிட்டார்கள்.

அருவியில் வானவில் எப்போது தெரியும்?

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் சாரல் முன்னாலும் இருக்கும்போது. வில், உங்கள் தலையின் நிழலை மையமாகக் கொண்டு 42 டிகிரி தள்ளி வளையும். ஆகவே கிழக்கு நோக்கி விழும் அருவியில் காலையில் தெரியும். மேற்கு நோக்கியதில் பிற்பகலில்தான் தெரியும். அந்த வானவில்லை விட்டுவிடுங்கள்.

கழிவுகள்?

நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தைத் திரும்ப எடுத்து வாருங்கள். ஓடையில் சோப்பு வேண்டாம், ‘இயற்கையானது’ என்று எழுதியிருந்தாலும்.

கீழே வந்தாகிவிட்டது, இரவில் தலை வலிக்கிறது. என்ன செய்வது?

முதலில் நீர் குடியுங்கள், சாப்பிடுங்கள். வெயிலும் நீர்க்குறைவும் தலைவலி தரும். இரண்டு மணி நேரத்தில் தணிந்தால் கவலை இல்லை. ஆனால் நீங்கள் தங்கியிருப்பதே 2,500 மீட்டருக்கு மேல் என்றால், காலையில் ஏறியதன் விளைவு இப்போதுதான் வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் தொடாதீர்கள். இரண்டும் தூக்கத்தில் மூச்சை இன்னும் மந்தமாக்கும். அறையில் யாராவது உடன் இருக்கட்டும். தலைவலியோடு வாந்தியோ, தள்ளாட்டமோ, படுத்தால் மூச்சுத் திணறலோ சேர்ந்தால் விடியும் வரை காத்திருக்காமல், வண்டி பிடித்துக் கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போங்கள். 300 முதல் 1,000 மீட்டர் இறக்கமே பெரும்பாலும் நிலைமையை மாற்றிவிடும்.